புது ரோலர் கோஸ்டர் எவ்வளவு உயரம்? திறக்கும் முன்பே ரசிகர்கள் கணக்குப் போடுவது எப்படி?

பெரிய ஹீரோவின் அடுத்த படத்துக்கு டைட்டில் அறிவிக்கும் முன்பே ரசிகர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தீம் பார்க் ரசிகர்களிடம் இதே பரபரப்பு உண்டு. அங்கே கேள்வி டைட்டில் அல்ல, உயரம். பூங்காவின் ஒரு மூலையில் வேலி போட்டு மண் தோண்ட ஆரம்பித்தாலே போதும். "இது 200 அடி தாண்டுமா?", "300 அடி வருமா?", "நாட்டிலேயே பெருசா இருக்குமா?" என்று விவாதம் சூடு பிடித்துவிடும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ரசிகர்களின் யூகம் பல நேரங்களில் சரியாகவே இருக்கிறது. இன்னொரு ஆச்சரியம், சவாரி திறந்த பிறகும் உயரம் பற்றிய சண்டை முடிவதில்லை. கட்டி முடித்து, மக்கள் ஏறி இறங்கிய பிறகும் "உண்மையான உயரம் எவ்வளவு?" என்று ஏன் கேட்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

195 மீட்டர்... ஆனால் எங்கிருந்து?

சவுதி அரேபியாவின் தலைநகர் ரியாத்துக்கு வெளியே கித்தியா என்ற பிரம்மாண்ட பொழுதுபோக்கு நகரம் உருவாகி வருகிறது. அங்கே 2025 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது சிக்ஸ் ஃபிளாக்ஸ் கித்தியா சிட்டி பூங்கா. அதன் முக்கிய ஈர்ப்பு 'ஃபால்கன்ஸ் ஃபிளைட்' என்ற ரோலர் கோஸ்டர்.

பூங்கா தரப்பு விளம்பரப்படுத்திய எண்கள் தலைசுற்ற வைப்பவை. உயரம் 195 மீட்டர், அதாவது சுமார் 640 அடி. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். தண்டவாளத்தின் நீளம் 4,250 மீட்டர், அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் மேல்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. நம்ம ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர். 195 மீட்டர் என்றால் அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

சரி, இதில் என்ன சர்ச்சை? ஃபால்கன்ஸ் ஃபிளைட் சமதளத்தில் நிற்கும் சவாரி அல்ல. கித்தியா பகுதியில் துவைக் என்ற பெரிய மலைத்தொடரின் செங்குத்துப் பாறைச் சரிவு இருக்கிறது. சவாரி அந்தப் பாறையின் மேலே போய், அங்கிருந்து கீழே பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. அப்படியானால் மொத்த உயரத்தில் மனிதன் கட்டிய இரும்பு எவ்வளவு, இயற்கை கொடுத்த பாறை எவ்வளவு? அறிவிப்பு வந்த நாளிலிருந்து ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

திருச்சி மலைக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். "உச்சிப் பிள்ளையார் கோயில் எவ்வளவு உயரம்?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கோயில் கட்டடத்தின் உயரத்தையா, பாறையையும் சேர்த்தா? இரண்டு பதிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றும் இல்லை. உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டர் பற்றிய விவாதமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

உயரம்னா எந்த உயரம்?

ரோலர் கோஸ்டர் விஷயத்தில் 'உயரம்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு அளவுகள் ஒளிந்திருக்கின்றன.

1. கட்டமைப்பின் உயரம்: தண்டவாளத்தின் உச்சி, அதற்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது?

2. இறக்கம்: உச்சியிலிருந்து ரயில் ஒரே மூச்சில் எவ்வளவு கீழே விழுகிறது? வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்க வைப்பது இந்த எண்தான்.

3. மொத்த ஏற்ற இறக்க வித்தியாசம்: முழுப் பாதையிலும் மிக உயரமான புள்ளிக்கும் மிகத் தாழ்வான புள்ளிக்கும் இடையே எவ்வளவு?

4. கடல் மட்டத்திலிருந்து உயரம்: இது விமானப் போக்குவரத்துக்கு உதவும் அளவு. சவாரி செய்பவருக்கு இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது.

தரை முழுக்க சமமாக இருந்தால் முதல் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பள்ளமும் மேடும் வரும்போதுதான் எண்கள் பிரிகின்றன. நான்கில் எதை விளம்பரத்தில் போடுவது என்ற கேள்வி வந்தால், பெரிய எண்ணைப் போடத்தான் எந்தப் பூங்காவும் விரும்பும். இதற்கு வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று உதாரணங்கள் பார்க்கலாம்.

ஓரியன்: 287 அடியா, 300 அடியா?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரத்துக்கு அருகே கிங்ஸ் ஐலண்ட் என்ற பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு 'கிகா கோஸ்டர்' வரும் என்று ரசிகர்கள் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதென்ன கிகா? ரோலர் கோஸ்டர்களுக்கு உயரத்தை வைத்து பட்டப்பெயர் வைப்பது அங்கே வழக்கம். 1989ல் ஓஹியோவின் சீடார் பாயிண்ட் பூங்காவில் 205 அடி உயரத்தில் 'மேக்னம்' திறந்தபோது 'ஹைப்பர் கோஸ்டர்' என்ற பெயர் வந்தது. 200 அடியைத் தாண்டினால் ஹைப்பர். 2000ஆம் ஆண்டில் அதே பூங்காவில் 310 அடி 'மில்லேனியம் ஃபோர்ஸ்' வந்தது. 300ஐத் தாண்டினால் கிகா என்று ஆனது. 2003ல் அங்கேயே 420 அடியில் 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்'. 400ஐத் தாண்டினால் ஸ்ட்ராட்டா. இப்போது சவுதி சவாரிக்காக 600ஐத் தாண்டினால் 'எக்ஸா' என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இவை எதுவும் அரசு தரும் சான்றிதழ் இல்லை. பூங்காக்களும் தயாரிப்பு நிறுவனங்களும் விளம்பரத்துக்காக உருவாக்கி, ரசிகர்கள் ஏற்றுக்கொண்ட பெயர்கள். ஆனால் அந்தப் பட்டத்துக்கு சந்தையில் மதிப்பு இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து பெட்ரோல் போட்டு, ஹோட்டல் ரூம் எடுத்து வரும் ரசிகர் 'கிகா' என்ற சொல்லைக் கேட்டுத்தான் கிளம்புகிறார்.

2019 ஆகஸ்ட்டில் கிங்ஸ் ஐலண்ட் அறிவிப்பை வெளியிட்டது. பெயர் 'ஓரியன்'. உயரம் 287 அடி. முதல் இறக்கம் 300 அடி. "கிகா கோஸ்டர் வந்தாச்சு" என்றது பூங்கா.

உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "13 அடி குறையுதே, இது எப்படி கிகா?" என்றது ஒரு தரப்பு. "உயரமோ இறக்கமோ, ஏதாவது ஒண்ணு 300 இருந்தா போதும்" என்றது இன்னொரு தரப்பு. தரை தாழ்வாக இருக்கும் பக்கமாக இறக்கத்தை அமைத்ததால்தான் உயரத்தை விட இறக்கம் 13 அடி அதிகமானது. 2020 ஜூலையில் சவாரி திறந்தது. கூட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆப்லிவியன்: 20 மீட்டர் கோபுரம், 55 மீட்டர் இறக்கம்

ஓரியனில் வித்தியாசம் 13 அடிதான். இங்கிலாந்தில் இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் உள்ள சவாரி ஒன்று இருக்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றி நிற்கும் மரங்களின் உயரத்தைத் தாண்டி எதையும் கட்டக்கூடாது. ஊருக்குள்ளிருந்து பார்த்தால் சவாரி கண்ணில் படக்கூடாது என்பதே நோக்கம்.

மேலே போக வழியில்லை என்றால் என்ன செய்வது? கீழே தோண்டினார்கள். 1994ல் 'நெமெசிஸ்' சவாரிக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து பள்ளம் உண்டாக்கினார்கள். 1998ல் வந்த 'ஆப்லிவியன்' இன்னும் ஒரு படி மேலே... இல்லை, கீழே போனது. தரைக்கு மேல் அதன் உயரம் வெறும் 20 மீட்டர். ஆனால் ரயில் உச்சியிலிருந்து நேராக ஒரு இருட்டுக் குழிக்குள் பாய்கிறது. மொத்த இறக்கம் 55 மீட்டர்.

உயரப் பட்டியலில் மட்டும் தேடினால் ஆப்லிவியன் கண்ணிலேயே படாது. ஆனால் அதில் உட்கார்ந்தவருக்கு அது 20 மீட்டர் சவாரி இல்லை. ஆக, பாறையையும் பள்ளத்தையும் கணக்கில் சேர்ப்பது எப்போதும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. எந்த எண்ணை எந்தப் பெயரில் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரே ஒரு அடி வித்தியாசம்

மூன்றாவது உதாரணமும் இங்கிலாந்துதான். பிளாக்பூல் கடற்கரையில் 1994ல் 'தி பிக் ஒன்' திறந்தது. விளம்பரத்தில் சொன்ன உயரம் 235 அடி. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து அளந்தது. தரையிலிருந்து கட்டமைப்பின் உயரம் 213 அடிதான். அதாவது 22 அடி, ஏறக்குறைய இரண்டு மாடி உயரம், எங்கிருந்து டேப்பைப் பிடிக்கிறோம் என்பதில் மட்டுமே வந்தது.

இங்கிலாந்தின் மிக உயரமான ரோலர் கோஸ்டர் என்ற பெயர் 30 வருடங்கள் அதனிடமே இருந்தது. 2024 மே 24 அன்று லண்டனுக்கு அருகே உள்ள தோர்ப் பார்க்கில் 'ஹைப்பீரியா' திறந்தபோது அந்தப் பெயர் கைமாறியது. ஹைப்பீரியாவின் உயரம் எவ்வளவு தெரியுமா? 236 அடி.

213ஐத் தாண்ட 214 போதும். ஆனால் வந்தது 236. பிளாக்பூல் விளம்பரப்படுத்திய 235ஐ விட சரியாக ஒரு அடி அதிகம். காரணம் எதுவாக இருந்தாலும், விளைவு ஒன்றுதான். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஹைப்பீரியாதான் உயரம் என்று சொல்ல முடிந்தது. வாதத்துக்கே இடமில்லை.

அறிவிப்புக்கு முன்பே எப்படித் தெரிகிறது?

ஹைப்பீரியா என்ற பெயரைப் பூங்கா அறிவித்தது 2023ல்தான். ஆனால் 236 அடி என்ற எண் 2022லேயே ரசிகர்கள் கையில் இருந்தது. யாரும் ரகசியத்தைத் திருடவில்லை. எல்லாம் பொது ஆவணம்.

முதல் துப்பு, காலியான இடம். தோர்ப் பார்க்கில் 'லாகர்ஸ் லீப்' என்ற பழைய தண்ணீர் சவாரி 2015க்குப் பிறகு ஓடவில்லை. அந்தப் பெரிய இடம் சும்மா கிடந்ததால், அடுத்த பெரிய சவாரி அங்கேதான் என்று ரசிகர்கள் கணித்தார்கள்.

இரண்டாவது துப்பு, உள்ளாட்சி அனுமதி. இங்கிலாந்தில் இவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு உள்ளூர் கவுன்சிலிடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு பக்கவாட்டு வரைபடங்களும் அளவுகளும் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். 'ப்ராஜெக்ட் எக்ஸோடஸ்' என்ற தற்காலிகப் பெயரில் வந்த இந்தத் திட்டத்தின் வரைபடங்களை ரசிகர்கள் ஒவ்வொரு கோடாகப் படித்தார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு வழி இருக்கிறது. தரையிலிருந்து 200 அடியைத் தாண்டும் எந்தக் கட்டமைப்பாக இருந்தாலும், அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். விமானங்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று உறுதி செய்வதற்காக வைத்த விதி இது. அந்தப் பதிவுகளையும் பொதுமக்கள் தேடிப் பார்க்கலாம். ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்கு அது புதையல் மாதிரி.

அந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த இடத்தின் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து கட்டமைப்பு எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். விளம்பரத்தில் கலந்துவிடும் எண்கள் இங்கே பிரிந்து நிற்கின்றன.

ஆனால் இதிலும் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. கட்டுமானத்துக்கு வரும் கிரேன்களுக்கும் இதே மாதிரி தகவல் தர வேண்டும். கிரேனின் உயரத்தைப் பார்த்துவிட்டு "சவாரியே இவ்வளவு உயரமா!" என்று துள்ளிக் குதித்தால், பிறகு ஏமாற்றம்தான்.

மூன்றாவது வழி, நிழல். பக்கத்தில் உயரம் தெரிந்த ஒரு கம்பம் இருக்கிறது என்று வையுங்கள். 10 அடி கம்பத்துக்கு 6 அடி நிழல். அதே நேரத்தில் புதுத் தூணுக்கு 120 அடி நிழல் விழுந்தால், தூண் 200 அடி. பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணக்குதான். ஆனால் நிழல் விழும் தரை சரிவாக இருந்தால் விடை தப்பாகிவிடும். பாறையும் பள்ளமுமான இடத்தில் இந்த வழி அவ்வளவாக உதவாது.

வேகத்தைச் சொன்னால் உயரம் தெரிஞ்சிடும்

நான்காவது வழி, இயற்பியல். சில நேரம் பூங்கா உயரத்தை மறைத்துவிட்டு வேகத்தை மட்டும் சொல்லும். அதுவே போதும்.

உச்சியிலிருந்து விழும் ரயிலின் வேகத்தை முடிவு செய்வது இறக்கத்தின் அளவு. ரயிலில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்பது கணக்கில் வராது. சுலபமான ஒரு சூத்திரம் இருக்கிறது. இறக்கத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16ஆல் பெருக்குங்கள். வருவது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அதிகபட்ச வேகம். 100 மீட்டர் இறக்கம் என்றால் வர்க்கமூலம் 10, வேகம் 160. காற்றும் உராய்வும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் உண்மையான வேகம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

போட்டுப் பார்க்கலாமா?

ஹைப்பீரியா: 72 மீட்டருக்குக் கணக்கு தரும் வேகம் சுமார் 136. சொல்லப்படும் வேகம் சுமார் 130. பொருந்துகிறது.

ஓரியன்: 300 அடி, அதாவது 91 மீட்டருக்கு சுமார் 153. சொல்லப்படும் வேகம் 146. இதுவும் சரி.

ஆப்லிவியன்: 20 மீட்டர் கோபுரத்தை மட்டும் எடுத்தால் வேகம் 72ஐத் தாண்ட முடியாது. ஆனால் சவாரியின் வேகம் சுமார் 110. குழியையும் சேர்த்த 55 மீட்டருக்கு 119 வருகிறது. ஆக, தரைக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்பதை வேகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது ஃபால்கன்ஸ் ஃபிளைட். 195 மீட்டருக்குக் கணக்கு தரும் வேகம் சுமார் 223. சொல்லப்படும் வேகமோ 250! அந்த வேகம் விழுவதால் மட்டுமே கிடைக்க வேண்டும் என்றால் சுமார் 245 மீட்டர் இறக்கம் வேண்டும். அப்படியானால் எண் தப்பா? இல்லை. இந்தச் சவாரி புவியீர்ப்பை மட்டும் நம்பி ஓடவில்லை. மின்காந்த மோட்டார்கள் ரயிலைத் தள்ளி வேகம் கூட்டுகின்றன. அந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது என்று தெரியாமல் வேகத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால், உயரத்தை 50 மீட்டர் கூடுதலாகச் சொல்லிவிடுவீர்கள்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன?

இதுவரை பார்த்தது ரசிகர்கள் கோணம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. திட்ட ஆவணங்களில் உயரத்தைத் துல்லியமாக எழுதச் சொல்வது ரசிகர்களின் ஆர்வத்துக்காக அல்ல. பக்கத்தில் வசிப்பவர்களுக்காக.

தோர்ப் பார்க் இருக்கும் இடம் இங்கிலாந்து சட்டப்படி 'பசுமை வளையம்' எனப்படும் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே பெரிதாக எதையாவது கட்ட வேண்டுமென்றால், அதற்கான தனிப்பட்ட காரணத்தைக் காட்டியாக வேண்டும். 72 மீட்டர் உயரத்தில் ஒரு சவாரி நின்றால் எத்தனை வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும்? உச்சியிலிருந்து விழும்போது மக்கள் போடும் கூச்சல் எவ்வளவு தூரம் கேட்கும்? இந்தக் கேள்விகளுக்கு பதில் சொல்ல உயரம் தெரிய வேண்டும். இங்கே "கடல் மட்டத்திலிருந்து" கதையெல்லாம் எடுபடாது.

ஒரே 236 அடி ரசிகருக்குக் கொண்டாட்டம், குடியிருப்பவருக்குக் கவலை. இருவரும் ஒரே காகிதத்தைப் படிக்க முடிகிறது என்பதுதான் அந்த முறையின் பலம். சவுதி சவாரி விஷயத்தில் ரசிகர்கள் பெரும்பாலும் நம்பியது கட்டுமானப் படங்களையும் வீடியோக்களையும் பூங்காவின் அறிவிப்புகளையும்தான். எத்தனை மீட்டர் பாறை, எத்தனை மீட்டர் இரும்பு என்ற வாதம் இவ்வளவு நாள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

உயரப் போட்டியில் ஜெயித்தால் எல்லாம் முடிந்துவிடுமா? அமெரிக்க அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது.

நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 2005ல் 'கிங்டா கா' திறந்தது. 456 அடி, அதாவது 139 மீட்டர். கிட்டத்தட்ட 20 வருடங்கள் உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். ஹைட்ராலிக் விசையால் ரயிலை மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், நேராக மேலே ஏற்றிவிடும். நம் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், அந்த வேகத்துக்கு சுமார் 166 மீட்டர் ஏற முடியும். 139 மீட்டரைத் தாண்ட இந்தக் கூடுதல் தேவை. காற்று, குளிர், எடை எல்லாம் சேர்ந்து வேகத்தைக் குறைத்தால், ரயில் உச்சியைத் தொடாமலே பின்னோக்கி இறங்கி வந்துவிடும்! அதற்கென்றே தண்டவாளத்தில் பிரேக்குகள் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட இயந்திரத்தைத் தினமும் ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. பழுது, நிறுத்தம், பராமரிப்பு என்று ரசிகர்கள் பல முறை பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். 2024 நவம்பரில் சவாரி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அதே வகையைச் சேர்ந்த டாப் த்ரில் டிராக்ஸ்டரில் 2021 ஆகஸ்ட்டில் ஒரு உலோகத் துண்டு கழன்று விழுந்து, வரிசையில் நின்றிருந்த பெண் படுகாயமடைந்தார். அதன் பிறகு அந்தச் சவாரி பழைய வடிவில் ஓடவே இல்லை. மாற்றி அமைத்து 2024 மே மாதம் 'டாப் த்ரில் 2' என்று திறந்தார்கள். சில நாட்களிலேயே அதுவும் நிறுத்தப்பட்டு, 2025ல்தான் மீண்டும் ஓடியது. அந்த 2024 சீசனில் 420 அடி சவாரியை நம்பி ஊர் ஊராகப் பயணம் செய்து வந்தவர்களுக்குக் கிடைத்தது, நிற்கும் கோபுரத்தோடு ஒரு செல்ஃபி.

இன்னொரு பக்கம் ஜெர்மனியைப் பாருங்கள். ஃபேன்டாசியாலேண்ட் பூங்காவில் 2016ல் வந்த 'டாரோன்' சவாரியின் உயரம் வெறும் 30 மீட்டர். மின்காந்த உந்துதலால் மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில், பாறை வடிவங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. உயரப் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் இந்தச் சவாரிக்காக உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் வருகிறார்கள்.

அப்போ, உயரத்தை எப்படிப் புரிஞ்சுக்கறது?

'உலகிலேயே உயரமான', 'நாட்டிலேயே பெரிய' என்ற விளம்பரம் இனிமேலும் வரும். துபாய், அபுதாபி, சிங்கப்பூர், ஐரோப்பா என்று குடும்பத்தோடு போகத் திட்டமிடுபவர்கள் அந்த எண்ணைப் பார்த்தே டிக்கெட் எடுப்பதும் நடக்கும். அப்போது ரசிகர்கள் கேட்கும் மூன்று கேள்விகளை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: இந்த உயரம் எங்கிருந்து எங்கே வரை? தரையிலிருந்தா, பள்ளத்திலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா?

இரண்டு: முதல் இறக்கம் எவ்வளவு? உங்கள் உடம்பு உணரப்போவது அதைத்தான். சொல்லும் வேகத்தோடு அது பொருந்துகிறதா என்று 16ஆல் பெருக்கிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால், நடுவில் மோட்டார் இருக்க வேண்டும், அல்லது குழி இருக்க வேண்டும்.

மூன்று: இப்போது ஓடுகிறதா? மிக உயரமான சவாரிகள்தான் அடிக்கடி நிற்கின்றன. நீங்கள் போகும் வாரம் அது ஓடுகிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு ரூம் புக் செய்வது நல்லது.

ஃபால்கன்ஸ் ஃபிளைட்டைப் பொறுத்தவரை, பாறையைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது மனிதன் கட்டிய மிகப் பெரிய சவாரிகளில் ஒன்று என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரசிகர்கள் அதைச் சின்னதாக்கப் பார்க்கவில்லை. 195 என்று போட்டால், பக்கத்தில் 'எங்கிருந்து' என்பதையும் போடுங்கள் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். கட்டணம் கொடுத்து ஏறுபவர் அதைக் கேட்பதில் தவறில்லையே.